பெட்டியில் எச்டிஆர் இருக்கிறது, படத்தில் ஏன் இல்லை?

சோமனூரிலிருந்து ஒரு வாசகர்: கோயமுத்தூரில் புது மானிட்டர் வாங்கினேனுங்க. பெட்டியில் எச்டிஆர் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கேமில் அதை ஆன் செய்தால் பலமுறை துவைத்த துணி மாதிரி படம் வெளுத்துவிடுகிறது. ஆஃப் செய்தால் நன்றாக இருக்கிறது. 2006-லேயே எங்கள் அண்ணன் கம்ப்யூட்டரில் எச்டிஆர் என்று ஒரு ஆப்ஷன் பார்த்திருக்கிறேன், அப்போது இருந்தது பழைய குண்டு மானிட்டர். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லைங்க, வேறு வேறு. எச்டிஆர் என்றால் ஹை டைனமிக் ரேஞ்ச், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் உள்ள பெரிய இடைவெளியைக் கையாளுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால் வந்த குழப்பம் இது.

நீங்கள் சோமனூர்க்காரர், தறிக்குடோனிலிருந்தே சொல்கிறேன். மத்தியானம் குடோனுக்குள்ளிருந்து வாசலுக்கு வந்தால் ஒரு நொடி கண் கூசி ஒன்றும் தெரியாது, அப்புறம் மெல்ல எதிர்வீட்டுச் சுவரும் வேப்பமரமும் தெளியும். உள்ளே டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ், வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். இவ்வளவு பெரிய இடைவெளியைப் பழைய கேம்கள் 0 முதல் 255 வரை உள்ள எண்களுக்குள் அடைத்து வைத்திருந்தன. கொடியில் காயும் வெள்ளை வேட்டியும் 255, மேலே இருக்கிற சூரியனும் 255. சரி, அதனால் என்ன என்று கேட்கலாம். பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் கறுப்புக் கண்ணாடி வழியாக அந்தச் சூரியனைப் பாருங்கள், கணக்குப்படி 25 வரும், சூரியனே இருண்டுவிடும். நிஜத்தில் அப்படி ஆகாது. தண்ணீரில் தெரியும் பிரதிபலிப்புக்கும் இதே கோளாறுதான்.

2004-ல் ஜீஃபோர்ஸ் 6 வரிசை கிராபிக்ஸ் கார்டுகள் வந்தபோது வெளிச்சத்தை 16 பிட் தசம எண்ணில் வைத்துக் கணக்குப் போட வழி பிறந்தது. இனி சூரியன் வேட்டியைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிய எண்ணாக இருக்கலாம். 2005 அக்டோபரில் வால்வ் நிறுவனம் ‘லாஸ்ட் கோஸ்ட்’ என்ற சின்ன கேமை இதைக் காட்டுவதற்கென்றே வெளியிட்டது. கடலோரப் பாறை மேல் ஒரு பழைய மடாலயம், உள்ளே மங்கல், வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியே வெயில். உள்ளிருந்து வெளியே வந்தால் திரை ஒரு கணம் வெளுத்து அப்புறம் தெளியும், நம் குடோன் வாசலில் நடப்பதேதான். எனக்கு அந்த ஒரு கணம் இன்னும் பிடிக்கும், கண் எப்படி வேலை செய்கிறது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

ஆனால் கணக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசியில் பழைய மானிட்டருக்கு ஏற்றபடி சுருக்கித்தான் அனுப்பினார்கள். அந்தச் சுருக்கலுக்குப் பெயர் டோன் மேப்பிங். அண்ணனுடைய குண்டு மானிட்டரில் எச்டிஆர் ஓடியது இதனால்தான்.

இரண்டாவது எச்டிஆர் 2016-ல் வீட்டு கேம் கன்சோல்களுக்கு வந்தது. ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 4-க்கு ஒரு அப்டேட். இந்த முறை விரிந்தது திரை காட்டும் வெளிச்சம். எச்டிஆர் இல்லாத பழைய சிக்னல் சுமார் 100 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துச் செய்தது, எச்டிஆர்10 என்ற புது சிக்னலின் அளவுகோல் 10,000 நிட் வரை போகும், ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் என்பது 1024 ஆனது. அதைக் காட்டத் திரைக்குத் தெம்பு வேண்டுமே. உங்கள் மானிட்டர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாது. பின்னால் எரியும் விளக்கு முழுத் திரைக்கும் ஒன்றாக இருந்தால் நிலாவைப் பிரகாசமாக்கும்போது ராத்திரி வானமும் சேர்ந்து சாம்பலாகும். பகுதி பகுதியாக மங்கும் விளக்கோ, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து அணையும் ஓஎல்இடி திரையோ இருந்தால்தான் கறுப்பு கறுப்பாக நிற்கும். டிஸ்பிளேஎச்டிஆர் 400 என்ற முத்திரையை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அந்த விளக்கு முறை அதற்குக் கட்டாயமில்லை. இப்போதைக்கு ஆஃப் செய்தே விளையாடுங்கள், கேமுக்குள் நடக்கும் முதல் எச்டிஆர் அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

கோபியிலிருந்து ஒரு வாசகர்: அந்தக் காலக் கேம்களில் சுவர், முகம், வாள் எல்லாமே மினுமினுவென்று ஒளி வழிந்ததே, அதுதான் எச்டிஆரா?

அது ப்ளூம். திரையால் நிஜமாகப் பிரகாசிக்க முடியாததால் ஓரத்தில் ஒளியைக் கசியவிட்டு ‘இது ரொம்ப வெளிச்சம்’ என்று கண்ணை நம்ப வைக்கும் உத்தி. அளவோடு போட்டால் அழகு, அப்போது அள்ளிக் கொட்டினார்கள். 2006-ல் வந்த ஆப்ளிவியன் கேமில் ப்ளூம், எச்டிஆர் இரண்டும் தனித்தனி ஆப்ஷன். அந்தக் கேமில் ஜீஃபோர்ஸ் 6, 7 கார்டு வைத்திருந்தவர்களுக்கு எச்டிஆர் போட்டால் விளிம்பில் படிக்கட்டுத் தெரியாமல் செய்யும் ஆன்டி அலியாசிங் கிடைக்காது. இப்படி ஒளி வழிந்த நிலைமை மாறியதில் 2009-ல் வந்த அன்சார்ட்டட் 2 கேமுக்குப் பங்கு உண்டு. சினிமா ஃபிலிம் வெளிச்சத்தை வாங்குவது போன்ற வளைவை அதன் டோன் மேப்பிங்கில் புரோகிராமர் ஜான் ஹேபிள் பயன்படுத்தினார். நிழலில் கறுப்பு ஆழமானது, பிரகாசமான இடம் சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல வெள்ளையாகிறது.

கரூரிலிருந்து ஒரு வாசகர்: டிவியில் எச்ஜிஐஜி என்று ஒரு செட்டிங் இருக்கிறது. போடலாமா?

கேமில் உச்ச வெளிச்சத்தைச் சரிசெய்யும் திரை இருந்தால் போடுங்கள். வெளிச்சத்தைச் சுருக்கும் வேலையை டிவி கேமிடமே விட்டுவிடும் செட்டிங் அது. போடாவிட்டால் கேம் ஒருமுறை சுருக்கியதை டிவி மறுபடி சுருக்கும், மேகத்தின் மடிப்பெல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும் அல்லது படம் மங்கும். முதலில் டிவியில் எச்ஜிஐஜி, அப்புறம் கன்சோலின் எச்டிஆர் செட்டிங்கில் அடையாளம் மறையும் வரை நகர்த்துங்கள், கடைசியாகக் கேமுக்குள். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், ஜன்னல் வெயில் அடிக்கிறபோது செய்தால் இருட்டுப் பகுதியைத் தேவைக்கு மேல் தூக்கிவிடுவீர்கள்.