மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அங்கதத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பது எப்படி?

பதினோராம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். அங்கதமாக, அதாவது நையாண்டியாக எழுதியதையும் உங்கள் மாணவர்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் வகுப்பில் பார்த்தவரை, பிள்ளைகளுக்குச் சொற்கள் புரிந்துவிடுகின்றன. அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் நிலவரம்தான் தெரிவதில்லை.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை முதல்முறை நடத்தியபோது இது எனக்கு உறைத்தது. தொண்டைமான் என்ற அரசனின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து ஔவையார் பாடியது. இங்கே உள்ள வேல்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. எம் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். 'தொண்டைமான் ஆயுதங்களைப் பராமரிக்கும் அழகை ஔவையார் பாராட்டுகிறார்' என்று தேர்வில் பல பேர் எழுதியிருந்தார்கள். பாட்டின் கீழே உள்ள குறிப்பை நான் அவசரமாகத் தாண்டிப் போயிருந்தேன்.

இப்போது வேறு மாதிரி நடத்துகிறேன். முதலில் பாட்டை மட்டும் வாசித்து, பொருள் சொல்லி, யாருடைய வேல் உசத்தி என்று கேட்பேன். தொண்டைமானுக்குத்தான் நிறைய கைகள் உயரும். அப்புறம் குறிப்புக்கு வருவேன். ஔவை அங்கே தன் தலைவன் அதியமானின் தூதராகப் போயிருக்கிறார். தன் படைபலத்தைக் காட்டத்தான் தொண்டைமான் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். இதைச் சொல்லிவிட்டு மறுபடி வாசிப்போம். போன வருடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "மிஸ், கிரிக்கெட் பேட்டை உறை பிரிக்காமலே வெச்சிருக்கிறவனும், டேப் சுத்தின பேட்டோட வர்றவனும் மாதிரி!" என்று கத்தினான். வகுப்பே பிடித்துக்கொண்டது. 'நெய் அணிந்து' எதற்கு, 'சிதைந்து' எதற்கு என்று அவர்களே துருவ ஆரம்பித்தார்கள்.

தொல்காப்பியம் சொல்லும் பெயர்களை அதற்குப் பிறகுதான் தருவேன். நேரடியாக வசைபாடினால் செம்பொருள் அங்கதம், வசையை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். பெயரை முதலிலேயே கொடுத்தால் மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள்.

உரைநடைக்கு, அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இல் வெளியிட்ட 'எ மாடஸ்ட் ப்ரொபோசல்' (ஒரு பணிவான யோசனை) கட்டுரையைத் தமிழில் சொல்லி நடத்துவேன். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை ஒரு வயதானதும் பணக்காரர்களின் சாப்பாட்டுக்கு விற்கலாம் என்று யோசனை சொல்லும் கட்டுரை அது. பிறக்கும்போது 12 பவுண்டு, ஒரு வருடத்தில் 28 பவுண்டு என்று எடைக்கணக்கு வேறு. பிள்ளைகள் கொதித்துப் போவார்கள். கொதிக்கட்டும், உடனே சமாதானம் சொல்லாதீர்கள். அயர்லாந்து நிலத்தின் குத்தகைப் பணத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த நிலக்கிழார்களைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஸ்விஃப்ட் நிஜமாகவே விரும்புவது கட்டுரையில் எங்கே இருக்கிறது?

அது முடிவை ஒட்டி இருக்கிறது. வெளியூரில் வாழும் நிலக்கிழார்களுக்கு வரி போடுவது, உள்நாட்டில் செய்த துணியையே உடுத்துவது, குத்தகைக்காரர்களிடம் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவது என்று வரிசையாக அடுக்கி, இதையெல்லாம் என்னிடம் யாரும் பேச வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார். தள்ளிய அந்தப் பட்டியல்தான் அவர் மனதில் இருந்தது. அதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் பரவாயில்லை. நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியில் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். இங்கே கவனம் வேண்டும். என் வகுப்பில் ஒருவன், பேச்சு திக்கும் சக மாணவனைக் கிண்டல் செய்து எழுதி வந்தான். அவனைத் தனியாக அழைத்து, "ஔவை யாரைப் பார்த்துப் பாடினார்? படை வைத்திருந்த அரசனைப் பார்த்துப்பா. நீ யாரைப் பார்த்து எழுதியிருக்கே?" என்று கேட்டேன். தாளை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் கொண்டுவந்தது இது: 'எங்கள் தெருக்குழாய் மிகவும் நேர்மையானது. தன்னிடம் இல்லாத தண்ணீரை அது யாருக்கும் கொடுத்ததில்லை.'

அதை வகுப்பில் வாசிக்க வைத்தேன். அவன் தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள், மற்றவர்கள் விழித்தார்கள். அவனே எழுந்து நின்று, மூன்று மாதமாகக் குழாயில் தண்ணீர் வராத கதையை விளக்கிச் சொன்னான்.