எக்ஸ்ரே எடுக்காமலே பிள்ளைக்கு நியுமோனியா என்று டொக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

நியுமோனியா என்றால், கிருமித் தொற்றால் நுரையீரலின் மிகச் சிறிய காற்றுப் பைகளில் சளியும் நீரும் சேர்வது. சாதாரணத் தடிமன் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும்.

பைகள் நிரம்பினால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் குறையும். ஓட்டைக் குவளையால் வாளியை நிரப்புகிறவர் விடாமல் மொள்ள வேண்டும் அல்லவா? பிள்ளையும் அப்படித்தான் வேகவேகமாக மூச்செடுக்கிறது. டொக்டர் சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பார்ப்பது இதற்காகத்தான். வீட்டில் நீங்களும் பார்க்கலாம். பிள்ளை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சுகளை எண்ணுங்கள். 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இதை எட்டினால் அன்றே காட்டுங்கள். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு எல்லை 60. அந்த வயதில் நேரே வைத்தியசாலைதான்.

மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிந்தாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ தயவுசெய்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். இலங்கையில் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். கொழும்பு பொரளையில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

பக்டீரியா என்று சந்தேகித்தால் பெரும்பாலும் அமொக்சிசிலின் பாணியே போதும். சொன்ன நாள்வரை கொடுங்கள். கடுமையானால் ஒட்சிசனும் ஊசி மருந்தும். எக்ஸ்ரே சந்தேகமான, கடுமையான நோய்க்குத்தான்.

தலைக்கு வார்த்ததாலும் ஃபேன் காற்றாலும் நியுமோனியா வந்ததென்று அம்மாமாரைக் குறை சொல்வார்கள். அது சரியல்ல, காரணம் கிருமிதான்.