பல்கலைக்கழகத்தில் மனித உரிமைப் பாடத்தால் உண்மையில் பயன் உண்டா?

பட்டப்படிப்பில் மனித உரிமைகளைத் தனித் தாளாக வைத்தாலும் மாணவர்கள் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்களே, அதை எப்படிக் கற்பித்தால் பயன் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அரசியல் அறிவியல் துறையில் இந்தத் தாளை நடத்தி வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உரிமைகளின் பட்டியலாக நடத்தினால் பயன் குறைவு. நடந்த ஒரு கொடுமையை எடுத்துக்கொண்டு, அது வெளியே தெரிந்த நாள் முதல் தீர்ப்பு வந்த நாள் வரை, யார் யாரிடம் முறையிட்டார்கள், எந்தச் சட்டம் துணைநின்றது, எங்கே கதவு அடைக்கப்பட்டது என்று மாணவர்களே ஆவணங்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும்படி நடத்தினால், அந்தப் படிப்பு அவர்களை விட்டு எளிதில் போவதில்லை.

வழக்கமான பாடத்திட்டம் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய இங்கிலாந்தின் பழைய சாசனமான மாக்னா கார்ட்டாவில் தொடங்கி, 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், 1966ஆம் ஆண்டின் இரண்டு பன்னாட்டு உடன்படிக்கைகள், அடிப்படை உரிமைகளைக் கூறும் நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதி, 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாகச் சென்று முடியும். இவை தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரகடனத்தின் முப்பது உறுப்புகளையும் ஒப்பிக்கும் மாணவருக்கு, தன் நண்பனைக் காவலர்கள் இரவில் அழைத்துச் சென்றால் கைதுக் குறிப்பு எழுதப்பட்டு அதில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், குடும்பத்தாருக்குத் தகவல் தர வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லியிருப்பது தெரிவதில்லை. இதைத் தெரியாமல் வெளியேறும் பட்டதாரிக்கு நாம் கற்பித்தது என்ன?

நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது வாச்சாத்தி வழக்கு. 1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்துப் பழங்குடியினர் ஊரான வாச்சாத்தியில் சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து நுழைந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். மூன்று துறைகள் சேர்ந்து செய்த குற்றத்தை எந்தத் துறையிடம் போய்ச் சொல்வது என்ற கேள்வியை முதல் வகுப்பிலேயே மாணவர்கள் முன் வைத்துவிடுவேன். தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்தது 1993 அக்டோபரில், தமிழ்நாட்டின் மாநில ஆணையம் அமைந்தது 1997இல். ஆக அந்த மக்களுக்கு அப்போது இரண்டுமே இல்லை. மலைவாழ் மக்கள் சங்கம் பிரச்சினையை வெளியே கொண்டுவந்ததும், 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்ததும் எப்படி நடந்தன என்று மாணவர்கள் தேடத் தொடங்கும்போதுதான், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுநல வழக்கு, புலன் விசாரணை ஆகியவை உயிருள்ள மனிதர்களோடு தொடர்புடையவை என்பது அவர்களுக்கு உறைக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணை முடிவதற்குள் இறந்துவிட்டனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அதே தேதியில் 2023இல் உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்ததோடு, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் பெண்கள் மனந்தளராமல் சாட்சி சொல்லி நின்றார்கள் என்பதை எந்த வரையறையாலும் கற்பிக்க முடியாது.

நிறுவனங்களின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1993 சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்த விவகாரத்தை ஆணையம் விசாரிக்க முடியாது. அச்சத்தால் பதினான்கு மாதம் வாய் திறக்காத ஒருவர் எங்கே போவார் என்று தேர்வில் கேட்கலாம். மனித உரிமை நாள் எது என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பதைவிட, ஒரு சம்பவத்தைக் கொடுத்து மாநில ஆணையத்துக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதச் சொல்வது மேல் என்பதே என் உறுதியான கருத்து.

இந்தத் தாள் கலைப்பிரிவு மாணவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணின் பிறப்புறுப்பில் விரல்களை நுழைத்து, அவர் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழக்கப்பட்டவரா என்று பார்க்கும் இருவிரல் பரிசோதனை மருத்துவப் பாடத்திட்டத்தில் இடம்பெறாதபடி திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. பாடநூலே உரிமை மீறலைக் கற்பிக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. வணிகவியல் மாணவர்களுக்கு, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று கூறிய 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கு இருக்கிறது. கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கோ, கழிவுநீர்க் குழியில் மனிதர் இறங்காமல் துப்புரவு செய்யும் வடிவமைப்பே உரிமைப் பாடம். அந்தக் குழிகளில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தும் அளவுக்கு அங்கே இன்னும் மனிதர்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள்.

மனித உரிமைக் கல்வி குறித்து ஐ.நா. 2011இல் ஏற்ற பிரகடனம், கற்பவர், கற்பிப்பவர் இருவரின் உரிமைகளையும் மதிக்கும் முறையிலேயே கற்பித்தல் நடக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏற வழியில்லாத கட்டடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை நடத்துவது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று. ஆகவே கல்லூரியையே பாடமாக்குகிறேன். சரிவுப்பாதை இருக்கிறதா, பகடிவதைத் தடுப்புக் குழு கூடுகிறதா, விடுதியில் சாதி பார்த்து அறை ஒதுக்கப்படுகிறதா என்று மாணவர்கள் விசாரித்து எழுதுவதே அகமதிப்பீட்டுப் பணி. இதனால் ஒழுங்கு கெடும் என்று சக ஆசிரியர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். முறையாகப் புகார் எழுதத் தெரிந்த மாணவர்கள் மறியலில் இறங்குவதற்கு முன் மனு கொடுக்கிறார்கள் என்பதே என் அனுபவம்.

நீங்கள் மாணவராக இருந்தால் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உங்கள் கல்லூரியில் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும்; மாணவர் தொடர்பான புகார்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார், யாரை எப்படித் தொடர்புகொள்வது என்று முதல்வர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். அரசுக் கல்லூரியாக இருந்து பதில் வரவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் அதே கேள்வியை விண்ணப்பமாகக் கொடுங்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.