ஃபால்கன் ஜிடி-எச்ஓ ஃபேஸ் 3, மஸ்டாங் பாஸ் 351: கேள்வி பதில்

கேள்வி: ரெண்டுமே 1971 ஃபோர்டு, ரெண்டிலும் 351 கிளீவ்லேண்ட் வி8 இன்ஜின் (351 கன அங்குலம்). அப்புறம் என்ன வித்தியாசம் சார்?

பதில்: எதற்காகச் செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். அப்போது ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் ஷோரூமில் விற்கிற கார்தான் ஓட வேண்டும். அதனால் நான்கு கதவு குடும்பக் காரிலேயே 164 லிட்டர் டேங்க், 780 ஹோலி கார்ப்ரேட்டர் எல்லாம் வைத்து ஃபால்கனை விற்றார்கள். 1971இல் ஆலன் மொஃபட் 500 மைலையும் தனி ஆளாக ஓட்டி ஜெயித்தது இதில்தான். அமெரிக்க பாஸ் 351 இரண்டு கதவு கார். 3.91 பின் கியர், தெருவில் சட்டென்று பாய்வதற்கு. காகிதத்தில் ஃபால்கன் 300 குதிரைத்திறன், மஸ்டாங் 330. ஃபால்கனின் அந்த 300 குறைத்துச் சொன்னது. 350க்கு மேல் என்பதே பொதுவான மதிப்பீடு.

கேள்வி: நேர் ஓட்டத்தில் எது முந்தும்?

பதில்: கால் மைலில் மஸ்டாங். அது 14 விநாடியை ஒட்டி முடிக்கும், ஃபால்கனுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். நீண்ட சாலையில் ஃபால்கன்தான், மணிக்கு 228 கி.மீ. வேகம் வரை போகும். நாள் முழுக்க ஓட்ட ஒன்றே ஒன்று என்றால் என் ஓட்டு ஃபால்கனுக்கு.

கேள்வி: அண்ணா, ரேடியேட்டர் மாற்றியும் கிளீவ்லேண்ட் சூடாகிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் திறக்கும் வால்வு) பாருங்கள். இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே, பிளாக்கில் ஓட்டை போட்ட பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். அதுதான் பைபாஸ், அதாவது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்குத் திரும்பும் வழி. சரியான தெர்மோஸ்டாட்டின் அடியில் தொப்பி மாதிரி ஒரு பகுதி உண்டு. திறக்கும்போது கீழே இறங்கி அந்த ஓட்டையை அடைக்கும். ஃபோர்டின் இன்னொரு இன்ஜினான 351 விண்ட்சரின் தெர்மோஸ்டாட் அதே இடத்தில் அழகாக உட்காரும், ஆனால் ஓட்டையை அடைக்காது. சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்கே திரும்பிவிடும். மூடியைக் கழற்றித் தகடு இருக்கிறதா என்று பாருங்கள், பழைய மெக்கானிக் யாராவது எடுத்துப் போட்டிருக்கலாம். புதிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு அடிப்பகுதி இறங்குகிறதா என்று சோதித்து மாட்டுங்கள். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டாதீர்கள். பைபாஸ் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

கேள்வி: 7,000 ஆர்பிஎம் வரை இழுக்கலாமா?

பதில்: ஃபோர்டே ஃபால்கனுக்கு 6,150இல் லிமிட்டர் வைத்தது. அதற்கு மேல் போகும் முன் வால்வுகளை மாற்றுங்கள். ஒரிஜினல் வால்வு இரண்டு துண்டாகச் செய்து பற்றவைத்தது; தலை கழன்று விழுந்தால் பிஸ்டனும் ஹெட்டும் போச்சு. ஒரே துண்டு ஸ்டெயின்லெஸ் வால்வு, ஒற்றைப் பள்ளம் உள்ள லாக் (வால்வுத் தண்டைப் பிடிக்கும் கவ்வி), அதற்கேற்ற ரிட்டெய்னர் (வால்வு ஸ்பிரிங்கின் மேல் தட்டு), மூன்றும் சேர்த்து வாங்க வேண்டும். அடுத்தது ஆயில். லிஃப்டர் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இருக்கும் துளைகள் வழியாக நிறையக் கசிந்து மெயின் பேரிங்குக்குக் குறையும். தடுப்பு வைத்த பெரிய சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) போடுங்கள், கேம் பேரிங் வழிகளில் ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் ஓட்டத்தைக் குறைக்கும் சிறு அடைப்பு) வையுங்கள். பெரிய ஆயில் பம்ப் மட்டும் மாட்டினால் மேலே ஏறின ஆயில் திரும்புவதற்குள் சம்ப் வறண்டுவிடும். சாலிட் லிஃப்டர் என்பதால் துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் அவசியம்.

கேள்வி: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பாஸ் 351இல் எளிது. வின் எண்ணின் (காரின் அடையாள எண்) ஐந்தாவது எழுத்து ‘ஆர்’ ஆக இருக்க வேண்டும்; ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளை வைத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கி ஒத்துப் பாருங்கள். மொத்தம் 1,806 கார்கள். ஃபேஸ் 3 வெறும் 300தான், விலை பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரையும் தாண்டியிருக்கிறது. அதனால் சாதாரண ஃபால்கன் ஜிடி-யை ஜிடி-எச்ஓ ஆக்கி விற்பவர்கள் உண்டு. ஸ்டிக்கரையும் ஸ்பாய்லரையும் நம்பாதீர்கள். இன்ஜின் எண், பாடி எண், பழைய பதிவுக் காகிதங்கள் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் ஜிடி விலைக்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.