கிறிஸ்துமஸுக்கும் ‘தேவனோடு சமாதானம்’ என்பதற்கும் என்ன சம்பந்தம்?

‘டிசம்பர் முழுக்கப் பாட்டு, கேக், நட்சத்திரம். ஆனால் மனசுக்குள் சமாதானம் இல்லையே, ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் ‘சமாதானம் பேசுவது’ என்றால் எல்லாருக்கும் தெரியும். சொந்தத்துக்குள் மனஸ்தாபம் வந்தால், தப்புச் செய்தவர்தான் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுப் படியேற வேண்டும். மனம் நொந்தவர் தேடி வரமாட்டார். இயேசு பிறந்த பெத்லகேமில் இந்த முறை தலைகீழாகிறது. தப்புச் செய்தது நாம்; ஆனால் மனம் நொந்த தேவனே படியிறங்கி வருகிறார், அதுவும் கைக்குழந்தையாக. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

பைபிளில் லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் இயேசு பிறந்த செய்தி முதலில் போவது மேய்ப்பர்களுக்கு. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, ராத்திரி கண்விழித்துக் காவல் இருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அப்படிப்பட்டவர்கள். தேவதூதனிடமிருந்து அவர்கள் கேட்ட முதல் வார்த்தையே ‘பயப்படாதிருங்கள்’. ‘பூமியிலே சமாதானம்’ என்ற பாட்டு அதற்கு அப்புறம்தான்.

ஆனால் தொழுவத்தோடு கதை முடியவில்லை. பைபிளில் ரோமர் 5:1 தேவனோடுள்ள சமாதானத்தை இயேசு மூலமாக, விசுவாசத்தினால் கிடைப்பதாகச் சொல்கிறது. 10-ஆம் வசனம் அதற்கு வழியாக அவருடைய மரணத்தைக் காட்டுகிறது. பிறப்பு அதன் தொடக்கம். பண்டிகைக் குதூகலத்தில் (நானும் விதிவிலக்கல்ல) இதைத் தவறவிடுகிறோம்.

இந்த வருஷம் அதிகாலை ஆராதனை முடிந்ததும் கொஞ்ச நேரம் கோவிலிலேயே உட்கார்ந்திருங்கள். மனசில் உறுத்துவதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். பெரிய வார்த்தைகள் வேண்டாம். அந்த மேய்ப்பர்களும் பார்த்துவிட்டு, துதித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்.