இரண்டாம் இரவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு நட்சத்திர விடுதியின் வரவேற்புப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது நண்பர் ஒருவருடன் சேர்ந்து சிம்மக்கல் பக்கம் ஒரு சிறிய லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். என்னோடு கேட்டரிங் படித்தவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது, “இன்னும் இங்கேயேதான் இருக்கிறாயா?” என்று கேட்கிறார்கள்.

எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை. ஆனால் இங்கே தங்குகிறவர்கள் காலையில் வந்து, கோயிலைப் பார்த்து, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு மதியமே ராமேஸ்வரத்துக்குக் கார் கேட்கிறார்கள். சப்ளையர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், வழிகாட்டிகள், மெஸ் நடத்தும் பெண்கள் என்று மதுரையை நேசிக்கிறவர்களை ஒரு குழுவாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த முதலாளிகள் சிரிக்கிறார்கள். ஊர்ப்பாசம் தொழிலுக்கு உதவுமா, அல்லது வெறும் உணர்ச்சிதானா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். ஊரை விட்டுப் போனவர்களைப் பாசமற்றவர்கள் என்றும், தங்கிவிட்டவர்களை விவரமற்றவர்கள் என்றும் நினைப்பது நம் பக்கத்துப் பழக்கம். இரண்டும் தப்பு என்பதற்குத் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியே சாட்சி. மழையை நம்பி விவசாயம் பார்த்த கிராமம் அது. அங்கிருந்து கிளம்பிய ஒருவர் 1930களில் காரைக்குடியில் குலசாமி பெயரில் ஓர் அசைவச் சாப்பாட்டுக் கடை போட்டார். பிறகு அவருடைய சொந்தக்காரர்கள், அந்தக் கடையில் இலை எடுத்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் என்று ஒவ்வொருவராகப் போய் ஆளுக்கோர் ஊரில் கடை திறந்தார்கள். தென்னிந்தியா முழுக்க இன்று நாம் பார்க்கும் ‘முனியாண்டி விலாஸ்’ பலகைகளின் கதை இதுதான். தலைமை அலுவலகமும் கிடையாது, பெயருக்கான கட்டணமும் கிடையாது. அன்றைய முதல் பில் பணத்தைச் சாமிக்கென்று தனியே எடுத்து வைக்கும் வழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பணம் தையிலும் மாசியிலும் ஊர்த் திருவிழாவாகத் திரும்பி வருகிறது. இரவெல்லாம் அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிப் பிரியாணி வேகும். விடிகிற நேரத்தில் சாமிக்குப் படைத்துவிட்டு, வந்தவர் யார் எவர் என்று கேட்காமல் வழங்குவார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் தூக்குவாளியும் பாத்திரமுமாக வந்து நிற்பார்கள்.

இந்தக் கதையில் பக்தியைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. இலை எடுத்த பையனுக்குத் தொழில் சொல்லித் தரப்பட்டது. அவன் நாளைக்குக் கடை போடுவான் என்பது முதலாளிக்கும் தெரிந்திருந்தது. அப்படி ஓர் எதிர்பார்ப்பு இருந்ததால்தான் அந்தப் பெயர் இத்தனை ஊர்களுக்குப் பரவியது. ஒரு லாட்ஜின் ரூம் பாய்க்கு இன்று அப்படியொரு நம்பிக்கையை யார் தருகிறார்கள்?

உங்கள் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. மதுரையைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது? பேராசிரியர்களிடம் கொஞ்சம், என்னைப் போல எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் கொஞ்சம். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவருக்கு உடனடியாகப் பயன்படும் அறிவு முழுவதும் குறைந்த சம்பளக்காரர்களிடம் இருக்கிறது. மதியம் பன்னிரண்டரை வாக்கில் கோயில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கூகுளிலும் இவை கிடைக்கும்தான். ஆனால் பத்து மணி வெயிலில், அறை காலியாகும்வரை வரவேற்பறையில் காத்திருக்கும் கிழவருக்கும் கிழவிக்கும் கூகுள் பயன்படாது.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வடக்கேயிருந்து முந்தின இரவு வந்து தங்கியிருந்த ஒரு குடும்பம் அன்று மாலையே ராமேஸ்வரம் போவதாக இருந்தது. மேசையில் இருந்தவர் நடுவயதுக்காரர். இந்தியும் தமிழும் கலந்து பேசினார். பதிவேட்டைத் திருப்பி வைத்துவிட்டு அவர்களிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “இரவு நடை சாத்துவதற்கு முன் சுவாமி பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போவார். பார்த்துவிட்டு நாளைக்குக் காலையில் கிளம்புங்கள்.” பள்ளியறைப் பூஜையைத்தான் சொன்னார். சொக்கநாதரின் பாதங்களை வெள்ளிப் பல்லக்கில் வைத்து, விசிறி வீசி, மேளத்தோடு மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். பகலில் வந்து பகலிலேயே கிளம்புகிறவர்களுக்கு இது கிடைக்காது. அந்தக் குடும்பம் தங்கியது. முதலாளிக்கு ஓர் இரவு வாடகை, எதிரே இருந்த மெஸ்ஸுக்கு இரவுச் சாப்பாடு, மறுநாள் காலை இட்லி, ஆட்டோக்காரருக்கு ஒரு சவாரி. இத்தனையையும் சம்பாதித்துக் கொடுத்தவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது. முதலாளிக்கு நடந்தது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆகவே, ஊர்ப்பாசம் தொழிலுக்கு உதவுமா என்றால் உதவும். இரண்டாம் இரவாகவே உதவும். சிரிக்கிற முதலாளிகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அந்த இரண்டாம் நாளுக்குக் கொடுக்க மதுரையில் சரக்கு உண்டு. கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில். மேலே செட்டிப்புடவு என்ற குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர். வெயில் தாழ்ந்து ஆட்டோவில் போய் வரலாம். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் சிவகங்கை மாவட்டக் கணக்கில் வந்தாலும், போகிற வழி மதுரைதான். மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடி இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி அங்கே விருந்தினராகத் தங்கினார். 22ஆம் தேதி வெளியே வந்தபோது இடையில் நான்கு முழ வேட்டி மட்டுமே இருந்தது. உலகம் அறிந்த அந்தக் கோலம் ஒரு மதுரை வீட்டில் இரவு தங்கிய பிறகு வந்தது. அந்த வழியாக நடப்பவர்களில் பாதிப் பேர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கீழே கதர்க்கடை இருக்கிறது என்பதோடு சரி.

தங்குவதற்கு இடம் கொடுப்பதை ஊர்ப் பொறுப்பாக நினைத்ததும் இங்கே புதிதல்ல. ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தைத் தினமும் கடந்து போகிறீர்கள். 1689இல் மதுரையின் ஆட்சிக்கு வந்த ராணி அவர். பெயர் மட்டுமே ஞாபகத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

நேசிக்கிறவர்கள் என்று கூட்டிவிட்டு, ஊரின் குறையைப் பேசினால் முகம் சுளிக்கும் சங்கங்களை நிறையப் பார்த்துவிட்டேன். கோயிலைச் சுற்றிய வீதிகளில், “மாடியிலிருந்து கோபுரம் இலவசமாகப் பார்க்கலாம்” என்று வெளிநாட்டவரைக் கூட்டிப்போய், கடைக்குள் இறக்கி, வாங்காமல் வெளியேற விடாத ஆட்களை உங்களுக்குத் தெரியும். அறைக்குக் கமிஷன் கொடுக்காத லாட்ஜை “அதை மூடிவிட்டார்கள்” என்று சொல்லும் ஓட்டுநர்களையும் தெரியும். அவர்களும் மதுரைக்காரர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நம்மைவிட உரத்த குரலில் கோவிந்தா போடுகிறவர்கள். அந்தப் பாசத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விருந்தாளியிடம் உண்மை சொல்வதற்கு அது போதவில்லை. உங்கள் குழு முதலில் இதைப் பேச வேண்டும். பேசினால் சில நண்பர்களை இழப்பீர்கள்.

அடுத்தது, முதலாளி என்ற முறையில் உங்களுக்கே சொல்வது. ஊர்ப்பாசத்தைச் சம்பளத்தில் கழிக்காதீர்கள். “நம்ம ஊர், நம்ம பிள்ளைகள்” என்று சொல்லிக் குறைத்துக் கொடுப்பதும், குடும்பம் போலப் பழகுகிறோம் என்று வாரவிடுமுறையை விழுங்குவதும் இந்தத் தொழிலில் சாதாரணம். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் நம் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே பொழுதைக் கழித்ததால் வந்த சட்டம். அது யாருக்குப் பொருந்தும் என்று வக்கீலிடம் கேட்பதற்கு முன், உங்கள் ரூம் பாய் மதியம் எங்கே உட்காருகிறான் என்று போய்ப் பாருங்கள். மாடிப்படியில் என்றால் இன்றைக்கே மாற்றிவிடலாம்.

இரவுக் கடைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தூங்கா நகரம் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற 2019 அரசாணை, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானது. ஒரு மாஸ்டர், ஒரு சப்ளையர், கல்லாவில் மனைவி என்று நடக்கும் பரோட்டாக் கடை அதில் வராது. பின்னிரவில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்குச் சால்னா ஊற்றுவது அந்தக் கடைதான். தன் கடைக்கும் அந்த அனுமதி வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் தனி ஆளாகக் கேட்க முடியாது; குழுவாகக் கேட்டால் காது கொடுப்பார்கள்.

பெயர்ப் பலகை, சின்னம், முகநூல் பக்கம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்துக்கு முதலாளிகள் மட்டும்தான் வருவார்கள். மதியச் சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு, மூன்றரை மணிக்கு வையுங்கள். அப்போதுதான் சப்ளையருக்கும் மாஸ்டருக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு. செவ்வாய்க்கிழமை என்றால் அசைவ மெஸ்காரர்களுக்கும் கூட்டம் குறைவாக இருக்கும். முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளென்றால் சமையல்காரர் ஒருவரும் வரமாட்டார். எனக்கும் தேதியைத் தெரிவியுங்கள்.

அன்புடன்.