9,000 ரூபாய் வித்தியாசமும் பதினெட்டு மணி நேர விழிப்பும்

கேள்வி: நான் 24 வயதுப் பெண். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு ஒன்றரை வருடமாகப் போய்வருகிறேன். காலை 5 மணிக்கு எழுந்தால், செப்டம்பர் மாதத்தில் வீடு திரும்ப இரவு ஒன்பதரை. அப்புறமும் லேப்டாப்தான். போன வாரம் 54,000 என்பதை 45,000 என்று போட்டுவிட்டேன். பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்த்தபோது 9,000 இடித்தது. எல்லார் முன்னாலும் சீனியர் மலையாளத்தில் கேட்க, தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு வாயே எழவில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ? காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

பதில்: 9,000 என்றதும் எனக்குச் சின்னதாகச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ள வேண்டாம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். என் கிளினிக் கணக்கை எழுதுபவர் சொல்லிக் கொடுத்தது. கண்டுபிடிக்க ஒரு சூத்திரமே இருக்கிறதென்றால், எத்தனை பேர் இதே தப்பைச் செய்திருக்க வேண்டும்!

அந்த எண்ணை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதவில்லை. இரவு 11 என்றால், அப்போது நீங்கள் விழித்து 18 மணி நேரம். 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுக்குக் கண்ணும் கையும் ஒத்துப்போகும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. நம் சட்டப்படி 0.03-ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. வாளையாறில் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்கிற நிலைமையில் நீங்கள் என்ட்ரி போட்டிருக்கிறீர்கள்!

'பர்ன்-அவுட்' என்பதை உலக சுகாதார நிறுவனம் நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. வேலையால் வரும் ஒரு நிலை என்கிறது. ஆள் ஓய்ந்துபோவது, வேலையில் மனம் ஒட்டாதது, நம்மால் உருப்படியாக ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். ஆக, 'லாயக்கில்லையோ' என்ற எண்ணமும் களைப்போடு சேர்ந்து வந்த விருந்தாளிதான். அதன் பேச்சைக் கேட்டு இந்த மாதம் ராஜினாமா எழுத வேண்டாம்.

முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்கு ரத்தசோகை சகஜம். அதுவும் இதே அசதியைத் தரும். மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரமானாலும் காஃபினில் ஏறக்குறைய பாதி உடம்பில் நிற்கும். தொகை போடும் வேலையைக் காலையில் வைத்து, இரவுக்கு ஃபைல் அடுக்குவது போன்றதை விடுங்கள். ஆடிட் அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாளான செப்டம்பர் 30 வரை முழுவதும் முடியாதுதான். வாரத்தில் மூன்று இரவாவது லேப்டாப்பைத் திறக்காதீர்கள்.

மலையாள விஷயம்: நானும் உங்கள் சித்தூர் தாலுகாக்காரன்தான். வார்டில் நோயாளியிடம் மலையாளத்தில் விவரம் கேட்கத் திணறி, பேராசிரியர் முன் வியர்த்து நின்றிருக்கிறேன். "ஒரு நிமிஷம் சார், ஃபைலைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். பாலக்காட்டில் அது புரியாத சீனியர் இருக்க மாட்டார்.

தூக்கம், பசி, எதிலும் ஆசை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் போயிருந்தால் அரசு குடும்ப ஆரோக்கிய மையத்தில் 'ஆஸ்வாசம்' மனச்சோர்வு கிளினிக் பற்றிக் கேளுங்கள். வாழவே வேண்டாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், இலவசம். தமிழிலும் பேசுவார்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதுங்கள். இலக்கம் மாறினாலும் பரவாயில்லை, நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.